செவ்வாயில் 12 பேர், 26 மாதம்: இந்தத் திட்டம் முதலில் எங்கே உடையும்?

கார்முகில்:

வணக்கம். செவ்வாயில் குடியேற முடியுமா என்ற கேள்விக்கு "முடியும்", "முடியாது" என்ற பதில்கள் நிறையக் கிடைக்கின்றன. எண்களோடு கூடிய பதில்தான் குறைவு. அதனால் ஒரு திட்டத்தையே எழுதிவைக்கிறேன். பிழைகளைக் காட்டுங்கள்.

இடம்: ஆர்கேடியா சமவெளி, வடக்கு அட்சரேகை 40 பாகை அளவில். தரைக்குச் சற்றுக் கீழேயே பனி இருப்பதாகச் சுற்றுக்கலன்களின் தரவுகள் காட்டும் பகுதி.
ஆட்கள்: 12 பேர். பூமியிலிருந்து கிளம்பும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் 780 நாள் தாங்க வேண்டும்.
வீடு: செவ்வாய் மண்ணில் செங்கல் செய்து, 15 மீட்டர் விட்டத்தில் அரைக்கோளக் கூடம். உள்ளே பூமியின் காற்று, பூமியின் அழுத்தம்.
ஆக்சிஜன்: நாசா செவ்வாயில் சோதித்த மாக்ஸி கருவியைப் பெரிதாக்கி, அங்குள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து.
மின்சாரம்: சோலார் பேனல், லித்தியம் பேட்டரி.
உணவு: அதே கூடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் பயிர். முழுத் தேவையும் இதிலிருந்தே.
தண்ணீர்: பனியைத் தோண்டி எடுப்பது.

முதலில் எது உடையும்?

---

பொறியாளன்77:

முதலில் உடைவது கூரைதான், காற்றை நிரப்பும் அன்றே.

வெளியே அழுத்தம் 0.6 கிலோபாஸ்கல், உள்ளே 101. 15 மீட்டர் விட்டத்தில் தரைப்பரப்பு 177 சதுர மீட்டர். கூரையை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 1,800 டன் எடைக்குச் சமம். அதை எடையால் மட்டும் அமுக்கிவைக்க வேண்டுமானால், செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 சதவீதம்தான் என்பதால், கூரை மேல் 4,800 டன் மண் ஏற்ற வேண்டும். செங்கல்லும் கான்கிரீட்டும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையில் விரிசல் விடும். பூமியில் நாம் கட்டுவது மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் வீடு. அங்கே தேவை உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் கலன்.

ஆகவே உலோகத்திலோ வலுவான நெசவு இழையிலோ செய்த உருளை வடிவக் கலன்தான் சரி. 3 மீட்டர் ஆரமுள்ள உருளை, உள்ளே 56 கிலோபாஸ்கல் என்று வைத்தால், சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 168 கிலோநியூட்டன் இழுவிசை வரும். அலுமினியக் கலவைக்கு 100 மெகாபாஸ்கல் என்ற பாதுகாப்பான அளவை எடுத்தால் 1.7 மில்லிமீட்டர் தகடு போதும். நினைப்பதைவிட மெல்லியது. வம்பு தகட்டில் கிடையாது. கதவு, சன்னல், கேபிளும் குழாயும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள், அவற்றின் காஸ்கெட்டுகள் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) ஆகியவைதான் கசியும். செவ்வாய்த் தூசு சராசரியாகச் சில மைக்ரான் அளவுதான்; கதவு விளிம்பில் ஒட்டினால் ரப்பர் முழுதாக உட்காராது. எனவே ஒவ்வொரு கதவுக்கும் இரட்டை காஸ்கெட் வேண்டும், நடுவில் அழுத்தமானி வேண்டும். அப்போதுதான் எந்த வளையம் கசிகிறது என்று தெரியும்.

மண்ணை விட்டுவிட வேண்டாம், கதிர்வீச்சுக்கு அது தேவை. க்யூரியாசிட்டி ஊர்தி அளந்தபடி தரையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.67 மில்லிசீவர்ட். 780 நாளில் 520. நாசா ஒரு விண்வெளி வீரரின் பணிக்காலம் முழுமைக்கும் வைத்துள்ள வரம்பு 600. கலன் மேல் 2.5 மீட்டர் மண் போட்டால் உள்ளே இருக்கும் நேரத்துக்கான அளவு பெரிதும் குறைந்துவிடும். ஆனால் பயணத்தில் நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட் என்பதை மண் குறைக்காது. போக 180 நாள், வர 180 நாள் என்றால் அதிலேயே ஏறத்தாழ 650 ஆகிவிடுகிறது. வரம்பு தாண்டுவது தரையில் அல்ல, வழியில்.

மண் போடும்போது பலரும் மறப்பது ஒன்று. 2.5 மீட்டர் மண் 14 கிலோபாஸ்கல் அழுத்தும். உள்ளே காற்று இருக்கும்வரை அது ஒரு பொருட்டே இல்லை. காற்று போய்விட்டால் அந்த 1.7 மில்லிமீட்டர் தகடு நசுங்கிவிடும். அதனால் உள்ளே விலா எலும்பு போல வளையங்கள் கட்டாயம். தகட்டின் கனத்தைத் தீர்மானிப்பது உள்ளழுத்தம். வளையங்களைத் தீர்மானிப்பது கசிவு நடந்த பிறகான நிலை. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

56 கிலோபாஸ்கல் ஏன் என்று கேட்பீர்கள். நாசாவின் ஆய்வுப் பயணங்களுக்கான பரிந்துரை அது: 56.5 கிலோபாஸ்கல், அதில் 34 சதவீதம் ஆக்சிஜன். வெளியே போகும்போது அணியும் உடை 30 கிலோபாஸ்கல் அளவில் இயங்கும். 101-லிருந்து நேரே 30-க்கு இறங்கினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். அதைத் தவிர்க்கச் சுத்த ஆக்சிஜனை நெடுநேரம் சுவாசித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 56-லிருந்து இறங்குவது எளிது. அதற்குக் கொடுக்கும் விலை தீ. 34 சதவீத ஆக்சிஜனில் நாம் பத்திரமானவை என்று நம்பும் பல துணிகளும் பிளாஸ்டிக்குகளும் எரியும். ஒவ்வொரு பொருளையும் அந்தக் காற்றிலேயே எரித்துச் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும்.

---

நெய்தல்:

காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருவருக்கு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன். 12 பேருக்குப் பத்து கிலோ, மணிக்கு 420 கிராம். பெர்சவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம் கொடுத்தது. உச்ச வேகம் மணிக்கு 12 கிராம், தூய்மை 98 சதவீதமோ அதற்கு மேலோ. அதைப் போல 35 மடங்கு பெரியது வேண்டும். ஆற்றலைப் பார்த்தால் ஒரு கிலோவுக்குக் கொள்கையளவில் 4.9 கிலோவாட் மணி. கம்ப்ரசரையும் 800 டிகிரி சூட்டையும் சேர்த்து 10 என்று வைப்போம். சராசரி 4 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். இது முடியக்கூடிய காரியம்.

எங்கே கெடும்? நிக்கல் கலந்த எதிர்மின்வாயில். சுத்தமான கார்பன் டை ஆக்சைடு மட்டும் பட்டால் நிக்கல் ஆக்சைடாகிச் செயலிழக்கும். அதற்காக வெளியேறும் கார்பன் மோனாக்சைடில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட வேண்டும். மின்னழுத்தம் கூடிவிட்டாலோ கார்பன் மோனாக்சைடும் உடைந்து கரியாகப் படிந்து துளைகளை அடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய மின்னழுத்த எல்லைக்குள்தான் ஓட்ட முடியும். இன்னொன்று, அடிக்கடி ஆற்றிச் சூடாக்கினால் பீங்கான் தட்டுகளும் அவற்றின் ஒட்டுகளும் விரியும். சோலார் மின்சாரத்தில் இரவில் நிறுத்திக் காலையில் தொடங்குவது இந்தக் கருவிக்கு ஆகாது. நிற்காமல் ஓட வேண்டும்.

ஆனால் கார்முகில், உங்கள் பட்டியலில் நைட்ரஜனே இல்லை. உள்ளிடம் மொத்தம் 1,200 கன மீட்டர் என்று வைத்தால், பொறியாளன் சொன்ன கலவைக்கு ஏறத்தாழ 500 கிலோ நைட்ரஜன் வேண்டும். நாளைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தால் 780 நாளில் 390 கிலோ போகும். செவ்வாய்க் காற்றில் நைட்ரஜன் கன அளவில் 2.7 சதவீதம், எடையில் 1.7 சதவீதம்தான். ஒரு கிலோ எடுக்க 57 கிலோ செவ்வாய்க் காற்றைக் கையாள வேண்டும். அந்தக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 20 கிராம் என்பதால் அது 2,800 கன மீட்டருக்கு மேல்.

நல்ல வேளையாக ஆக்சிஜன் ஆலைக்கு எப்படியும் காற்றை உறிஞ்சப் போகிறீர்கள். மைனஸ் 125 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தட்டில் கார்பன் டை ஆக்சைடை உறைய வைத்தால், உறையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் நைட்ரஜனும் ஆர்கானும். அதைப் பிடித்துச் சேமியுங்கள். மாக்ஸி வகைக் கருவிக்குப் பின்னால் வரும் கழிவு வாயுவிலிருந்து எடுக்க வேண்டாம். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு, ஒரு சென்சார் பழுதானால் எல்லோருக்கும் ஆபத்து. ஆர்கானை ஓரளவு கலக்கலாம், ஆனால் கொழுப்பில் அது நைட்ரஜனைவிட அதிகம் கரையும். வெளியே போகிறவர்களுக்குக் குமிழ் கட்டும் அபாயம் கூடும்.

அடுத்து பயிர். மனிதர் இருக்கும் கூடத்திலேயே முழு உணவுக்கான பயிரை வைத்தால் பயிர் முற்றும் காலத்தில் ஆக்சிஜன் தேவையைவிட அதிகமாகும். செவ்வாயில் ஆட்களைக் குடியேற்ற எண்ணிய மார்ஸ் ஒன் திட்டத்தை 2014-ல் ஆராய்ந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழுவின் கணிப்பும் இதுவே: ஆக்சிஜன் தீ அபாய அளவைத் தாண்டும், அதைக் குறைக்க வாயுவை வெளியேற்றினால் நைட்ரஜனும் சேர்ந்து போகும், நைட்ரஜன் இருப்புத் தீர்ந்தபின் கூடம் தாங்காது. முதல் உயிரிழப்புக்கு அவர்கள் போட்ட கணக்கு 68 நாள்.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அரிசோனாவில் வெளிக்காற்று புகாமல் மூடிய பயோஸ்பியர் 2 என்ற சோதனைக் கூடத்தில் 1991 முதல் 8 பேர் 1.27 ஹெக்டேரில் அடைபட்டு வாழ்ந்தபோது 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9-லிருந்து 14.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கார்பன் டை ஆக்சைடைப் பூசப்படாத கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் அது பயிருக்குப் போய் ஆக்சிஜனாகத் திரும்பவே இல்லை. வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றித்தான் தொடர்ந்தார்கள். கூடத்துக்குள் கான்கிரீட்டோ சுட்ட மண்ணோ வந்தால் மேற்பூச்சில்லாமல் விடாதீர்கள்.

பயிர் அறை தனி, மனித அறை தனி, நடுவில் ஆக்சிஜன் பிரிப்பான். இது பேரத்துக்கு உட்பட்டதல்ல.

---

இரவுவான்:

மின்சாரம். இதில் உணவும் சேர்ந்தே வரும்.

உயிர்காப்பு, சூடு, தொடர்பு எல்லாம் சேர்த்து 40 கிலோவாட் என்று வைப்போம். செவ்வாய்க்கு வரும் சூரிய ஒளி சராசரியாகச் சதுர மீட்டருக்கு 590 வாட், பூமிக்கு வருவதில் 43 சதவீதம். இரவு பகல், சாய்வு, பேனலின் திறன் எல்லாம் கழித்தால் தெளிந்த நாட்களில் சராசரி 40 வாட் தேறும். 1,000 சதுர மீட்டர் பேனல். இதுவரை பரவாயில்லை.

2018-ல் கோள் முழுவதையும் மூடிய தூசுப்புயல் ஆப்பர்சூனிட்டி ஊர்தியை முடித்தது. ஜூன் 10-க்குப் பின் அது பேசவில்லை. புயல் இல்லாமலும் தூசு படியும். இன்சைட் ஆய்வுக்கலன் 2018-ல் இறங்கியபோது நாளைக்கு 5,000 வாட் மணி கொடுத்த பேனல்கள் 2022 மே மாதம் 500 கொடுத்தன. பேனலைத் துடைக்க மனிதர் இருப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் புயல் வானத்தில் இருக்கும்போது துடைத்துப் பயனில்லை. வேலைகளை எல்லாம் நிறுத்தி 10 கிலோவாட்டில் 40 நாள் உயிர் பிழைக்க மட்டுமே பேட்டரி வைத்தாலும் 9.6 மெகாவாட் மணி. கிலோவுக்கு 150 வாட் மணி என்றால் 64 டன் பேட்டரி.

நிலவுக்காக நாசா 2022-ல் கேட்ட அணு உலையின் அளவு 40 கிலோவாட், 6 டன்னுக்குள், 10 ஆண்டு ஓட வேண்டும் என்பது. ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு வைத்தால் 12 டன். அந்த அளவில் எதுவும் இன்னும் விண்வெளியில் ஓடியதில்லை. 2018 மார்ச்சில் நெவாடாவில் க்ரஸ்டி என்ற சிறு உலையை 28 மணி நேரம் முழு மாதிரியாக ஓட்டிப் பார்த்ததுதான் அண்மைய அடித்தளம். இருந்தும் என் தேர்வு உலைதான். குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டுக்கு அப்பால் வையுங்கள். சோலாரைத் துணைக்கு வைக்கலாம்.

இப்போது உணவு. ஒருவரின் முழுத் தேவைக்கு நல்ல வெளிச்சத்தில் 50 சதுர மீட்டர் பயிர் வேண்டும். சதுர மீட்டருக்கு 280 வாட் எல்இடி என்றால் ஆளுக்கு 14 கிலோவாட், 12 பேருக்கு 168. அதாவது கூடுதலாக நான்கைந்து உலைகள், 24 முதல் 30 டன். உணவைப் பூமியிலிருந்தே கொண்டுபோனால் பொதியோடு ஆளுக்கு நாளைக்கு 1.8 கிலோ, 780 நாளுக்கு 17 டன். முதல் சுற்றில் பயிர் தோற்றுவிடுகிறது. பத்து ஆண்டுக் கணக்கில் வெல்லும், ஆனால் முதல் 12 பேர் அந்தக் கணக்கில் வாழவில்லை. கீரையும் தக்காளியும் மட்டும் வளர்க்கட்டும். ஆண்டுக்கணக்கில் அடுக்கிவைத்த உணவில் வைட்டமின் சி-யும் பி1-உம் குறைந்துபோகும், அதை ஈடுகட்டவாவது பசுங்காய் வேண்டும். அங்குள்ள மண்ணில் நேரடியாக நட வேண்டாம். ஃபீனிக்ஸ் ஆய்வுக்கலன் 2008-ல் கண்ட பெர்குளோரேட் எடையில் அரை சதவீதம் அளவு. தைராய்டு அயோடினை ஏற்பதைத் தடுக்கும் உப்பு அது. மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்க்கும் நீர்வளர்ப்பு முறைதான் சரி.

780 நாள் என்ற எண்ணையும் மாற்றுங்கள். அடுத்த கப்பல் இறங்கும்போது நொறுங்கினால் காத்திருப்பு இன்னொரு 26 மாதம். உணவு 1,560 நாளுக்கு, அதாவது 34 டன். இதுவரை செவ்வாயில் பத்திரமாக இறங்கிய ஆகப் பெரிய பாரம் பெர்சவரன்ஸ், 1,025 கிலோ. பாராசூட்டை நம்பி 20 டன்னை இறக்க முடியாது. ஒலியைவிட வேகமாக விழும்போதே எஞ்சினைப் பற்றவைத்து இறங்க வேண்டும்.

---

கார்முகில்:

எல்லோருக்கும் நன்றி. கூடத்தையும் பயிரையும் மாற்றிவிட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். தண்ணீருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பி வருவதற்கான எரிபொருளை அங்கேயே தயாரிப்பது நடக்குமா?

---

நெய்தல்:

இரண்டும் ஒரே கேள்விதான். குடிக்கவும் கழுவவும் ஆளுக்கு நாளைக்கு 3.8 லிட்டர், 12 பேருக்கு 45 லிட்டர். பன்னாட்டு விண்வெளி நிலையம் 2023-ல் 98 சதவீத மீட்பை எட்டியது. அந்த அளவில் இழப்பு நாளைக்கு ஒரு லிட்டர் கூட இல்லை. கையோடு ஒரு டன் கொண்டுபோனால் 780 நாளைக்குப் போதும். தோண்ட வேண்டியதே இல்லை. மீட்புக் கருவி கெட்டால் அந்தக் கணக்கு சரியும். நிலையத்தில் சிறுநீர் வடிப்பான் அடைபட்டதற்குக் காரணம் கால்சியம் சல்ஃபேட். எடையற்ற நிலையால் எலும்பிலிருந்து கரைந்து வந்த கால்சியம் அது, பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு கூடிப் படிந்தது. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். செவ்வாயில் ஈர்ப்பு 0.38 இருந்தாலும் போகும் வழியில் ஆறு மாதம் எடையற்ற நிலைதான். முதல் வாரங்களிலாவது கால்சியம் கூடுதலாக வரும் என்று வைத்தே வடிப்பானை அமையுங்கள்.

எரிபொருள் வேறு அளவு. 1,200 டன் மீத்தேனும் ஆக்சிஜனும் பிடிக்கும் ஸ்டார்ஷிப் வகைக் கப்பலை நிரப்ப வேண்டுமானால் மீத்தேன் மட்டும் 260 டன். கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் சபாட்டியே வினையில் அதைச் செய்ய, ஹைட்ரஜனுக்காக மின்னாற்பகுக்க ஏறத்தாழ 585 டன் தண்ணீரைப் பனியிலிருந்து எடுக்க வேண்டும். ஆற்றல் குறைந்தபட்சம் 4 ஜிகாவாட் மணி, நடைமுறையில் இரட்டிப்பு. 500 நாளில் முடிக்க இடைவிடாமல் 670 கிலோவாட், மேலும் திரவமாக்கும் குளிர்பதனத்துக்குத் தனியாக. இரவுவான் சொன்ன உலை 17 வேண்டும்.

மாற்று வழி சிறு ஏறுகலம். நாசா கணக்கில் நால்வரைச் செவ்வாய்த் தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏற்ற 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் தேவை. எரிபொருளைப் பூமியிலிருந்து கொண்டுபோய் ஆக்சிஜனை மட்டும் அங்கே செய்தால் மணிக்கு 2.5 கிலோ, ஏறத்தாழ 30 கிலோவாட், 14 மாதம். பனியே தேவையில்லை. 12 பேருக்கு மூன்று ஏறுகலங்கள்.

பனி தோண்டியே தீர வேண்டுமென்றால் தென்துருவ அமுண்ட்சன்-ஸ்காட் நிலையத்தில் செய்வதுபோல, துளைக்குள் சுடுநீர் விட்டு அடியில் ஒரு குளம் உருக்கி மேலே இறைக்கலாம். செவ்வாயில் துளைவாயை மூடி அழுத்தம் ஏற்ற வேண்டும். அங்குள்ள அழுத்தம் நீரின் மும்மைப் புள்ளியை (பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கக்கூடிய நிலையை) ஒட்டியே இருப்பதால் திறந்த குளம் கொதித்துக்கொண்டே உறையும். துளை போடுவதையும் லேசாக எடுக்க வேண்டாம். இன்சைட்டின் வெப்பமானித் துளைப்பான் 5 மீட்டர் இறங்க வேண்டியது, மேல்மண் பிடிமானம் கொடுக்காததால் முழு உடலும் மண்ணுக்குள் மறையும் அளவோடு நின்றுவிட்டது.

---

பொறியாளன்77:

உதிரிபாகத்துக்கு எடை ஒதுக்காமல் பட்டியலை மூடாதீர்கள். நெய்தல் சொன்ன அதே எம்ஐடி ஆய்வில் 130 மாதம் கழித்து, பூமியிலிருந்து வரும் சரக்கில் 62 சதவீதம் உதிரிபாகமாக இருந்தது. எது கெடும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் எல்லாவற்றுக்கும் மாற்று வேண்டும். அங்கேயே பாகங்களை அச்சிடும் முப்பரிமாண அச்சு இயந்திரம் அடைப்பு வளையம், கைப்பிடி, குழாய்ப் பூட்டு எல்லாம் கொடுக்கும். சென்சார், மின்னணுப் பலகை, கம்ப்ரசர் பேரிங், வினையூக்கி இவற்றைக் கொடுக்காது. கெடுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை.

இதைக் குறைக்க ஒரே வழி, வடிவமைக்கும்போதே பாகங்களின் வகையைக் குறைப்பது. காற்றோட்டம், நீர்மீட்பு, பயிர் அறை மூன்றுக்கும் ஒரே மின்விசிறி, ஒரே பம்ப், ஒரே வால்வு அளவு, ஒரே இணைப்பான். சிலவற்றில் பம்ப் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும், கொஞ்சம் மின்சாரம் வீணாகும், போகட்டும். பத்து இடத்தில் பத்து வகை என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாற்று, ஆக இருபது. ஒரே வகை என்றால் ஐந்தாறு போதும், அதே நம்பகத்தோடு.

வரிசையும் மாறட்டும். உலைகள், ஆக்சிஜன் ஆலை, ஏறுகலங்கள், முதல் 26 மாத உணவு எல்லாம் ஆளில்லாமல் ஒரு சுற்று முன்னால் போகட்டும். ஆக்சிஜன் தொட்டி நிரம்பிவிட்டது, அழுத்தக் கலன் ஆறு மாதம் கசியாமல் நின்றது என்ற அளவீடுகள் பூமிக்கு வந்த பிறகுதான் 12 பேரும் கிளம்ப வேண்டும். கலனின் கசிவு அளவு நாளைக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் அந்தச் சுற்றில் ஆட்கள் வேண்டாம், காஸ்கெட்டும் நைட்ரஜனும் அனுப்புங்கள்.